பென்டியம் எம் மடிக்கணினியில் லைவ் சிடி பூட் ஆகவில்லை – பிஏஇ பிழை, ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை

பழையபெட்டி:

வணக்கம் நண்பர்களே. பென்டியம் எம் 1.4 கிகாஹெர்ட்ஸ், 855பிஎம் சிப்செட், 256 எம்பி டிடிஆர் ரேம் இரண்டு, ரேடியான் 7500, டிவிடி படித்து சிடி எழுதும் காம்போ டிரைவ். 40 ஜிபி ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போடுகிறது. அதிலிருந்து எதுவும் எடுக்க வேண்டியதில்லை. தமிழில் தட்டச்சு செய்ய, பிடிஎஃப் படிக்க, கொஞ்சம் இணையம் பார்க்க ஓடினால் போதும். லைவ் சிடியாக (நிறுவாமல் சிடியிலிருந்தே ஓடும் லினக்ஸ்) இரண்டைப் போட்டுப் பார்த்தேன்.

லுபுண்டு 18.04 32-பிட் டிவிடி: மெனு வருகிறது. என்டர் தட்டியதும், சிபியூவில் பிஏஇ (4 ஜிபிக்கு மேல் ரேமை அணுகும் வசதி) இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடுகிறது.

தார்பப் 6.0.5 (பப்பி லினக்ஸில் ஒரு வகை), பிஏஇ கேட்காத நோபிஏஇ சிடி: கர்னல் (லினக்ஸின் மையக்கரு) ஏறுகிறது. பிறகு எஸ்ஆர்0 ஐ/ஓ எரர், ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர் என்று வரிசையாக ஓடுகிறது. சில நேரம் டெஸ்க்டாப் வரை வந்து, அபிவேர்ட் திறந்தால் உறைந்துவிடும்.

பயாஸின் பூட் பட்டியலில் பென் டிரைவ் வரவே இல்லை. 512 எம்பி ரேம் போதாததால்தான் இதெல்லாமா? வேறு எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போடலாம்?

கர்னல்குப்பு:

ரேம் போதாவிட்டால் மெதுவாகும், நெரிசலாகும். இப்படிப் பிழை வராது. உங்களிடம் இருப்பது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள். நான் முதலாவதைச் சொல்கிறேன்.

2003-இல் வந்த பானியாஸ் பென்டியம் எம், அடுத்து வந்த டோதானில் 400 மெகாஹெர்ட்ஸ் பஸ் கொண்டவை, இவற்றில் பிஏஇ உண்டு. ஆனால் கர்னல் கேட்கும்போது சிபியூ அதைச் சொல்லாது. கர்னலும் இல்லையென்று முடிவுகட்டி நின்றுவிடும். 533 பஸ் டோதானில் இந்தத் தொல்லை இல்லை.

வழி: பூட் மெனுவில் வரியைத் திருத்தி, கடைசியில் ஒரு இடைவெளி விட்டு ஃபோர்ஸ்பிஏஇ சேர்க்கவும். ஒரே சொல், எல்லாம் சின்ன எழுத்து. சில டிஸ்க்கில் டேப் விசை, லுபுண்டுவில் எஃப்6 தட்டிவிட்டு எஸ்கேப். 3.15 முதலான கர்னல்களுக்கு இந்தச் சொல் தெரியும். கர்னல் டெயின்டட் ஆகிவிட்டது என்று ஒரு எச்சரிக்கை வரும். இயக்கத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஆனால் லுபுண்டுவுக்காக இதைச் செய்யாதீர்கள். லைவ் அமர்வில் எழுதப்படுவதெல்லாம் ரேமில்தான் உட்காரும். 512 எம்பியில் பிரவுசர் திறந்ததும் மூச்சு முட்டும். ஆன்டிஎக்ஸ் 32-பிட் நோபிஏஇ கர்னலோடே வருகிறது. ஐஸ்டபிள்யூஎம் டெஸ்க்டாப் உங்கள் ரேமுக்குள் அடங்கும். இரண்டாவது சிக்கலைத் தட்டுவைத்தியர் வந்து சொல்லட்டும்.

தட்டுவைத்தியர்:

வந்துவிட்டேன்.

எஸ்ஆர்0 என்பது உங்கள் சிடி டிரைவ்; ஸ்குவாஷ்எஃப்எஸ் என்பது சிடியில் உள்ள சுருக்கிய கோப்புத் தொகுப்பு. பிழை வரியில் பிளாக் எண் (படிக்க முடியாத இடத்தின் எண்) இருக்கும். இரண்டு முறை பூட் செய்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே எண் என்றால் சிடி எழுதியதில் கோளாறு, அல்லது அந்த இடத்தில் கீறல். எண் மாறிக்கொண்டே இருக்கிறது, எஸ்ஆர்0 பிழையும் கூடவே வருகிறது என்றால் லென்ஸ் அழுக்கு. எஸ்ஆர்0 பிழையே இல்லாமல் ஸ்குவாஷ்எஃப்எஸ் மட்டும் கத்தினால் ரேமைச் சந்தேகிக்கவும்; மெம்டெஸ்ட்86+ ஒரு முழு பாஸ் ஓடட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ஒரு ரேமைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மட்டும் வைத்துச் சோதியுங்கள்.

டெஸ்க்டாப் வந்த பிறகு அபிவேர்டில் உறைவது ஏன் என்றால், பப்பியின் பெரிய எஸ்எஃப்எஸ் கோப்பு (அந்தச் சுருக்கிய தொகுப்பு) முழுதும் ரேமுக்குப் போகவில்லை. நிரலைத் திறக்கும்போதுதான் அந்தப் பகுதியைச் சிடியிலிருந்து படிக்கிறது. கெட்ட இடம் அங்கே இருக்கிறது.

புதிதாக எழுதும் முன் ஐஎஸ்ஓவின் (சிடி இமேஜ் கோப்பு) எம்டி5 சரிபார்ப்பு எண்ணைத் தரவிறக்கப் பக்கத்தில் கொடுத்ததோடு ஒப்பிடுங்கள். சிடி-ஆர் வாங்குங்கள், சிடி-ஆர்டபிள்யூ பழைய லென்ஸுக்கு ஆகாது, அதன் பிரதிபலிப்பு குறைவு. வேகம் 16எக்ஸ் போதும். எழுதி முடித்ததும் வெரிஃபை. எழுதிய சிடியைத் திறந்தால் விஎம்லினஸ், இனிட்ஆர்டி, எஸ்எஃப்எஸ் கோப்புகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு தெரிந்தால் அது இமேஜாக எழுதப்படவில்லை, பூட் ஆகாது.

பழையபெட்டி:

நன்றி ஐயா. பிளாக் எண் மாறவில்லை. மெம்டெஸ்ட் சுத்தம். 16எக்ஸில் எழுதிய புது சிடியில் ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை ஒன்றுகூட இல்லை.

இப்போது வேறு பிரச்சினை: பப்பி கோப்புகளைத் தேடும் இடத்தில் பல நிமிடம் நிற்கிறது, நடுநடுவே ஏடிஏ1, ரீட் டிஎம்ஏ ஃபெயில்டு என்று வருகிறது. அதைத் தாண்டினால் திரை கறுப்பு. சிடி மட்டும் சுற்றும் சத்தம்.

கர்னல்குப்பு:

ஏடிஏ1 உங்கள் கடகட டிஸ்க். சேமித்த அமர்வு எங்காவது இருக்கிறதா என்று பப்பி எல்லாப் பார்ட்டிஷனையும் தட்டிப் பார்க்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் ஒவ்வொரு தட்டலுக்கும் பதில் சொல்ல இழுக்கும். கழற்றிவிடுங்கள்: மின்சாரம், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு, பக்கவாட்டு மூடியின் திருகைக் கழற்றினால் டிஸ்க் அப்படியே வெளியே வரும். லைவ் சிடிக்கு டிஸ்க் தேவையில்லை.

கறுப்புத் திரைக்கு பூட் வரியில் நோமோட்செட் சேர்க்கவும். எக்ஸ் (திரையை வரையும் நிரல்) பொதுவான வெசா டிரைவரில் ஓடும். ஜன்னலை இழுத்தால் கொஞ்சம் திணறும், வீடியோ பார்க்க ஆகாது. தட்டச்சுக்கும் பிடிஎஃபுக்கும் தாராளம்.

பழையபெட்டி:

டிஸ்க்கைக் கழற்றியதும் சட்டென்று டெஸ்க்டாப் வந்துவிட்டது. நோமோட்செட்டும் வேலை செய்கிறது. மூன்று பாக்கி: தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது; எந்தத் தளம் திறந்தாலும் சான்றிதழ் பிழை; வைஃபை பட்டியலில் எங்கள் ரவுட்டர் பெயர் வரவில்லை.

தட்டுவைத்தியர்:

கட்டம்: தமிழ் எழுத்துரு இல்லை. லோஹித் தமிழ் டிடிஎஃப் கோப்பை ரூட் பயனரின் வீட்டு அடைவுக்குள் (/root) .ஃபான்ட்ஸ் என்று ஓர் அடைவு உண்டாக்கி (முன்னால் புள்ளி உண்டு) அதில் போட்டு, டெர்மினலில் எஃப்சி-கேஷ் ஓட்டி, எக்ஸை மறுதொடக்கம் செய்யவும். அணைக்கும்போது அமர்வைச் சேமிக்கவா என்று பப்பி கேட்கும். பென் டிரைவைக் காட்டி 512 எம்பி சேமிப்புக் கோப்பு கொடுங்கள். அடுத்த முறை பூட் செய்யும் முன்பே அந்தப் பென் டிரைவ் செருகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி கட்டம்தான்.

சான்றிதழ்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பயாஸ் பேட்டரி தீர்ந்திருந்தால் ஆண்டு 2003-க்கு ஓடிப்போயிருக்கும், அதனால் எல்லாச் சான்றிதழும் செல்லாது. தேதி சரியாக இருந்தும் பிழை வந்தால் காரணம் தார்பப்பின் வயசு. அது உபுண்டு 14.04 அடிப்படை, அதிலுள்ள வேர்ச் சான்றிதழ்கள் பழசு. லெட்ஸ் என்க்ரிப்ட் நம்பியிருந்த பழைய வேர் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதி ஆனது. தார்பப்பைத் தட்டச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இணையத்துக்கு வேண்டாம்.

வைஃபை: உள்ளே இருப்பது இன்டெல் 2100 என்றால் அது 802.11பி மட்டும். இப்போதைய ரவுட்டர் பலவற்றில் பி அணைந்திருக்கும். 2200பிஜி என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை திறந்திருந்தால் கிடைக்கும். மல்லுக்கட்டாமல் கேபிள் செருகுங்கள்.

கர்னல்குப்பு:

இணையத்துக்கு ஆன்டிஎக்ஸ்தான். ஆனால் அதன் ஃபுல், பேஸ் இரண்டுமே 700 எம்பி சிடியில் அடங்காது. டிவிடியில் எழுதலாம், உங்கள் டிரைவ் படிக்கும். அதைவிட நல்ல வழி: ப்ளாப் பூட் மேனேஜர் சிடி ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், சின்ன ஐஎஸ்ஓ. அதில் பூட் செய்து மெனுவில் யூஎஸ்பி தேர்ந்தால், பயாஸுக்குத் தெரியாத பென் டிரைவிலிருந்தும் பூட் ஆகும். சிடி 24எக்ஸில் நொடிக்கு 3.6 எம்பிதான் தரும், யூஎஸ்பி 2.0 அதைவிடப் பல மடங்கு.

பென் டிரைவை வேறொரு கணினியில் ஆன்டிஎக்ஸின் லைவ் யூஎஸ்பி மேக்கரால் செய்யவும், டிடி முறையில் (இமேஜை அப்படியே நகலெடுப்பது) வேண்டாம். அப்படிச் செய்தால் மாற்றங்களைச் சேமிக்க முடியாது. பெர்சிஸ்டன்ஸ் (மாற்றங்களைச் சேமிக்கும் வசதி) கேட்கும்போது ஸ்டாட்டிக் ரூட் தேர்ந்தெடுங்கள். மற்ற ரூட் வகை மாற்றங்களை ரேமில் வைத்து அணைக்கும்போது எழுதும், 512 எம்பியில் அது தாங்காது. எல்லாவற்றையும் ரேமில் ஏற்றும் டூரேம் விருப்பத்தைத் தொடவே வேண்டாம். நுழைய டெமோ/டெமோ, ரூட்டுக்கு ரூட்/ரூட். முதல் வேலையாக இரண்டையும் மாற்றிவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டும் நிறுவினால் போதும்.

ஃபயர்ஃபாக்ஸ் 32-பிட் லினக்ஸுக்கு 144-ஓடு நின்றுவிட்டது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர் 140 போடுங்கள், இரண்டு டேபுக்கு மேல் வேண்டாம். கூடுதல் டேப் வேண்டுமென்றால் 200-பின் டிடிஆர் பிசி2700 சோடிம் (மடிக்கணினி ரேம்) 1 ஜிபி இரண்டு தேடுங்கள். 855பிஎம் 2 ஜிபி வரை ஏற்கும். டிடிஆர்2 சோடிமுக்கும் 200 பின்தான், ஆனால் பள்ளம் இடம் மாறியிருக்கும், வோல்டேஜும் வேறு. ஒட்டிய ஸ்டிக்கரில் பிசி2-க்குப் பிறகு ஒரு சிறு கோடு வந்து எண் தொடர்ந்தால் (பிசி2-5300 போல) அது டிடிஆர்2, வாங்காதீர்கள்.