டெல்மார்க்: பாப் கெஸ்டர் கோட்டை விட்டாரா?

ஊசிமுனை: சிகாகோவில் டெல்மார்க் என்ற சின்ன ஜாஸ், புளூஸ் ரெக்கார்டு கம்பெனியை (லேபிள்) நடத்திய கெஸ்டருக்குக் காது இருந்தது, கணக்கு இல்லை. டெல்மார்க்கில் பார்சல் கட்டிக்கொண்டிருந்த புரூஸ் இக்லாவர், புளூஸ் கிதார்காரர் ஹவுண்ட் டாக் டெய்லரைப் பதிவு செய்யச் சொல்லிப் பார்த்தார். கெஸ்டர் அசையவில்லை. இக்லாவரே 1971-ல் 2,500 டாலர் போட்டுப் பதிவு செய்து, 1,000 ரெக்கார்டு அடித்தார். அலிகேட்டர் லேபிள் பிறந்தது அப்படித்தான்.

ஹார்ப்மணி: ஒரு டெய்லரை வைத்துத் தீர்ப்பு எழுதாதீங்க சார். 1965-ல் சிகாகோ புளூஸ் என்றால் காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸுக்கான மூன்று நிமிட ஒற்றைப் பாட்டு ரெக்கார்டு, அதாவது சிங்கிள்தான். எல்பி (நீண்ட ரெக்கார்டு) வந்தாலும் பெரும்பாலும் பழைய சிங்கிள்களின் தொகுப்பு. அந்த செப்டம்பரில் கெஸ்டர், ஹார்மோனிகாக்காரர் ஜூனியர் வெல்ஸ் குழுவை நேரக் கணக்கு பார்க்காமல் கிளப்பில் வாசிப்பதுபோலவே வாசிக்க விட்டார். அதுதான் 'ஹூடூ மேன் புளூஸ்' ஆல்பம். நடுவில் குழுவின் கிதார்காரர் பட்டி கையின் (Buddy Guy) ஆம்ப்ளிஃபயர் படுத்துவிட்டது. பொறியாளர் ஸ்டூ பிளாக் கிதாரை ஹாமண்ட் ஆர்கனின் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கரில் இணைத்தார். தலைப்புப் பாட்டில் கிதார் சுழன்று கேட்பது அதனால்தான். பட்டி கை, செஸ் என்ற இன்னொரு சிகாகோ லேபிளின் ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்று பயந்து, முதல் பதிப்பு உறையில் அவர் பெயருக்குப் பதில் 'பிரெண்ட்லி சாப்' என்று போட்டார்கள்!

ஊசிமுனை: பதிவு அருமை, யார் மறுத்தது? நான் கேட்பது விற்பனை. இக்லாவர் ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு எஃப்எம் நிலையம் நிலையமாகப் போனார், டெய்லருக்குக் கச்சேரியும் அவரே பிடித்தார். கச்சேரி நடக்கிற ஊரில் ரெக்கார்டு நகரும். கெஸ்டர் அலமாரியில் அடுக்கிவிட்டுக் காத்திருந்தார். டெல்மார்க்குக்காக ஜாஸ் சாக்ஸபோன்காரர் ராஸ்கோ மிட்செலின் 'சவுண்ட்' ஆல்பத்தைத் தயாரித்த சக் நெஸ்ஸாவும் வெளியே போய் 1967-ல் தனி லேபிள் தொடங்கினார்.

தட்டுக்கடை: அந்த அலமாரிதான் விஷயமே. ரெக்கார்டு அடிக்கிற ஆலைக்கு முன்பணம் வேண்டும். விநியோகஸ்தர் மாதக்கணக்கில் இழுப்பார், விற்காததைத் திருப்பியும் அனுப்புவார். சின்ன லேபிள் ஹிட் கொடுத்தும் சாகும்: பழைய பாக்கி வருமுன் அடுத்த லோடு அடித்தாக வேண்டுமே. தன் சொந்த ஜாஸ் ரெக்கார்ட் மார்ட் கடையின் அன்றாடக் காசு இருந்ததால் கெஸ்டர் தாக்குப்பிடித்தார். ஆன்டனி பிராக்ஸ்டன் தனியாக ஆல்டோ சாக்ஸபோன் மட்டும் ஊதிய இரட்டை எல்பியை 1971-ல் வெளியிட்டதும் அந்தத் தெம்பில்தான். எந்த எஃப்எம் அதைப் போட்டிருக்கும்?

ஊசிமுனை: கடை 2016-ல் மூடியது, 2018-ல் லேபிளும் கைமாறியது. கடையை நம்பிய லேபிள் கடையோடு போயிற்று.

ஹார்ப்மணி: 1953-ல் ஆரம்பித்ததை 65 வருடம் ஒரே ஆள் வைத்திருந்து, எண்பது தாண்டிய வயதில் இசைக்கலைஞர்கள் கையில் கொடுத்தார். லேபிள் இன்றும் ஓடுகிறது. ஹிட்டுக்கு மேல் ஹிட் கொடுத்த செஸ்ஸை 1969-லேயே ஒரு டேப் கம்பெனிக்கு விற்றாகிவிட்டது. இதில் யார் கோட்டை விட்டது?