வைஃபை அட்டையையே ஆக்சஸ் பாயிண்டாக (கைபேசிகள் வந்து இணையும் வைஃபை நிலையமாக) ஓட்டியவர்கள்: உங்களுக்கு எப்படி?

குறுக்குக்கம்பி:
டெபியன் லினக்ஸ் போட்ட பழைய கணினிதான் வீட்டு ரவுட்டர். கம்பிவழி இணைப்பில் ஒரு குறையும் இல்லை. மடிக்கணினியிலிருந்து கழற்றிப் பொருத்திய வைஃபை 6 அட்டைதான் மனத்தை உறுத்துகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அட்டையை ஆக்சஸ் பாயிண்டாக்கும் ஹோஸ்ட்ஏபிடி நிரல் உடனே எழுந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் உள்ள 36ஆம் சேனலுக்கு மாற்றியதும் படுத்துவிட்டது. அட்டையின் திறன்களைக் காட்டும் 'ஐடபிள்யு லிஸ்ட்' கட்டளை கொடுத்தால், ஏபி (ஆக்சஸ் பாயிண்ட்) முறை உண்டு என்று மேலே தெளிவாகச் சொல்கிறது. கீழே 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்கள் அத்தனைக்கும் எதிரே 'நோ ஐஆர்', 'நோ ஐஆர்' (தானாக முதலில் அலை எழுப்பக் கூடாது) என்று வரிசைகட்டி நிற்கிறது. நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று மாற்றினேன். ஒரு வரிகூட அசையவில்லை.

மொட்டைமாடி:
என்னுடையது யூஎஸ்பி அடாப்டர். அதை இயக்கும் டிரைவர் நிரல் கெர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதிக்குள்) இல்லை, வெளியிலிருந்து எடுத்துத் தொகுக்க வேண்டும். மாதக்கணக்கில் நன்றாகத்தான் ஓடியது. ஓர் இரவு கெர்னல் புதுப்பிப்பு வந்தது, டிரைவர் அதற்குப் பொருந்தவில்லை. காலையில் அப்பா கைபேசியை நீட்டி, "நம் வீட்டுப் பெயரே இல்லையேப்பா" என்றார். பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் பட்டியலில் இருந்தன.

பழைய_இரும்பு:
குறுக்குக்கம்பி, நாட்டுக் குறியீட்டோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அந்த வகை அட்டைகளில் பெரும்பாலும் எந்த நாடு என்பதை அட்டைக்குள் ஓடும் ஃபர்ம்வேர் நிரலே தீர்மானிக்கிறது. நாம் சொல்வதைக் கேட்காது. தானாக முதலில் அலை எழுப்பக் கூடாது என்று தடை இருக்கும்போது ஆக்சஸ் பாயிண்ட் எப்படி எழும்? என்னிடம் ஏத்தெரோஸ் ஏஆர்9380 அட்டை ஓடுகிறது. அதன் ஏடிஎச்9கே டிரைவருக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்பே தேவையில்லை. மொட்டைமாடி, உங்களுக்கு மீடியாடெக் எம்டி7612யு சிப் உள்ள அடாப்டர் சரிப்படும், லினக்ஸ் 4.19 முதல் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. நீட்டிப்பு வயர் போட்டுப் பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள், யூஎஸ்பி 3 இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். 52 முதல் 144 வரையிலான சேனல் என்றால், ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் எழும். அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்.

மொட்டைமாடி:
ஏஆர்9380 வைஃபை 4 அட்டை ஐயா. வைஃபை 6 வைத்திருப்பவரை அங்கே அனுப்புவது நியாயமா? மேலும் அந்த அட்டை ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் (2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ்) ஓடும். 2.4 மட்டுமே தெரிந்த பிரிண்டரை என்ன செய்வது? இரண்டு பேண்டும் உள்ள பழைய ரவுட்டர் ஒன்றில் டிஎச்சிபியை (முகவரி வழங்கும் வேலையை) அணைத்து, லேன் போர்ட்டில் கம்பியைச் செருகினால் இரண்டு பேண்டும் கிடைத்துவிடும்.

பழைய_இரும்பு:
இரண்டு அட்டை போடுங்கள். ஒன்று 2.4க்கு, மற்றது 5க்கு. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது, பிரிண்டர் உட்பட.