அப்பாவின் மூச்சிரைப்பு: டிபியா, கல்நார்த் தூசியா?

கொரட்டூர் மகள்:
அப்பாவுக்கு 67 வயது. மாடிப்படி ஏறினால் இரைக்கிறது, விடாத வறட்டு இருமல் வேறு. சளியில் டிபி கிருமி ஒருமுறைகூட வரவில்லை. எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறதென்று ஒரு கிளினிக்கில் ஆறு மாத டிபி மாத்திரை கொடுத்தார்கள். முடித்தும் மூச்சு அப்படியேதான் இருக்கிறது.

அவர் மணலி, எண்ணூர் பக்கம் கான்ட்ராக்டரிடம் பாய்லர் லேகிங் வேலை, அதாவது சூடு வெளியே போகாமல் பூச்சுப் போடும் வேலை பார்த்தவர். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பொடியை டிரம்மில் தண்ணீர் விட்டுக் குழைத்து, நீராவிக் குழாய் மேல் கையாலேயே பூசுவார்கள். பழைய பூச்சைச் சுத்தியலால் தட்டி உதிர்ப்பார்கள். மூக்குக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். வேலையை விட்டு 20 வருடம் ஆகிறது. இத்தனை காலம் கழித்து வருமா? என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

அம்பத்தூர் எக்ஸ்ரேக்காரர்:
வரும்மா. கல்நார் நோய் பெரும்பாலும் 20, 30 வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். நான் வேலை பார்த்த காலமெல்லாம் நெஞ்சுப் படம் எடுத்தவன், அதனால் சொல்கிறேன். பெரியவர்களுக்கு வரும் டிபி நிழல் பொதுவாக நுரையீரலின் மேல்பகுதியில் இருக்கும். கல்நார்த் தழும்பு அடியில், இரண்டு பக்கமும் தொடங்கும். உதரவிதானத்தின் மேல் சுண்ணாம்பு படிந்த திட்டுகள் தெரிந்தால் கல்நார் பட்ட உடம்பு என்பதற்கு அது பெரிய சாட்சி.

சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்ப நிலை தப்பிவிடும். நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சிடி ஸ்கேன், ஹெச்ஆர்சிடி எடுங்கள். குப்புறப் படுக்கவைத்தும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மல்லாந்து படுத்தால் நுரையீரலின் முதுகுப்பக்கம் எடையில் அமுங்கி, நோய் இல்லாதவருக்கும் மங்கலாகத் தெரியும். குப்புறப் படுத்தும் அந்த மங்கல் மறையாவிட்டால்தான் அது தழும்பு. அப்புறம் ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் மூச்சு டெஸ்ட்), டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குக் காற்று எவ்வளவு போகிறது என்று பார்ப்பது) இரண்டும் பாருங்கள். தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனைக்குப் போகலாம்.

போகும்போது அப்பா எந்த வருடம், எங்கே, என்ன வேலை செய்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வேலை விவரம் தெரியாமல் படத்தை மட்டும் பார்த்து இந்த நோயை உறுதி செய்ய முடியாது. விவரமும் படமும் ஒத்துப்போனால் பெரும்பாலும் பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) தேவைப்படாது.

வில்லிவாக்கம் தொழிற்சங்கம்:
இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் கல்நார் நோய் இருக்கிறது. அப்பாவுக்கு இஎஸ்ஐ பிடித்தார்களா? பழைய கார்டு, சம்பளச் சீட்டு, கேட் பாஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது ஓய்வுக்குப் பின் 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்தப் பதிவேடே போடாமல் விட்டதுதான் வயிற்றெரிச்சல். கூட வேலை பார்த்தவர்கள் இருந்தால், அப்பா அங்கே வேலை செய்தார் என்று இப்போதே எழுதி வாங்குங்கள்.

கொரட்டூர் மகள்:
ரொம்ப நன்றி ஐயா. கேட் பாஸ் ஒன்று கிடைத்தது, 1984 என்று போட்டிருக்கிறது. அப்பா இன்னும் பீடி பிடிக்கிறார். அதனாலும் இருக்குமா?

அம்பத்தூர் எக்ஸ்ரேக்காரர்:
அடிப்பகுதித் தழும்புக்குப் பீடி மட்டும் காரணமாக இருப்பது அரிது. ஆனால் கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும். இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கம்மா. ஒரு பக்கம் நெஞ்சுவலி, நெஞ்சில் நீர் கோத்தல், எடை குறைதல் என்று ஏதாவது இருந்தால் அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். அது மீசோதீலியோமாவா (நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்) என்று பார்க்க வேண்டிவரும், அதற்குப் பயாப்ஸி தேவை.