64 வயசுல டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா? ரிசல்ட் 271ண்ணு வந்திருக்கு

குலசேகரம்_ரப்பர்:
எல்லாருக்கும் வணக்கம். நேர்ல யாருகிட்டயும் கேக்க கூச்சமா இருக்கு, அதான் இங்க கேக்கேன். எனக்கு 64 வயசு. குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் உண்டு, நானே தான் பால் வெட்டுவேன், விடியக்காலம் மூணரைக்கு தலையில லைட்ட கெட்டிட்டு எறங்குனா முன்னாடி எல்லாம் 220 மரத்தையும் முடிச்சிட்டு வந்துதான் சாயா குடிப்பேன். இப்ப ஒரு வருஷமா நூறாவது மரத்துலயே ஒக்காந்துருதேன். கை தளந்து போவுது, பட்டை சீவும்போ கத்தி ஆழமா எறங்கி மரத்துக்கு காயம் பட்டுருது, முப்பது வருஷமா வெட்டுதவன் நான், இப்படி காயம் போட்டதே இல்ல. மத்த விஷயத்துலயும் நாட்டம் கொறஞ்சு போச்சு. வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு.

சுகர் 11 வருஷமா உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிடுதேன். ராத்திரி மூணு நாலு வாட்டி ஒண்ணுக்கு எழும்பணும், அதுக்கும் ஒரு கேப்சூல் உண்டு. போன மாசம் டவுண்ல ஒரு எடத்துல முழு செக்கப் எடுத்தேன், மத்தியானம் சோறு தின்னுட்டு போய் மூணு மணிக்கு மேல ரத்தம் குடுத்தது. அதுல டெஸ்டோஸ்டிரோன்ங்க ஆம்பள ஹார்மோன் 271ண்ணு சிவப்பு எழுத்துல வந்துது. அங்க உள்ள டாக்டர் பேப்பர பாத்த ஒடனே இதுதான் காரணம், ஊசி போட்டா எல்லாம் சரியாவும்ணு ஆறு மாச பேக்கேஜ் ஒண்ணு சொல்லிட்டாரு. துபாய்ல உள்ள மவன் பணம் அனுப்புதேன் போட்டுருங்கங்கான். போட்டவங்க யாராவது உண்டுமா, போடலாமா வேண்டாமா?

லேப்காரன்_நாகர்கோவில்:
அண்ணாச்சி, நான் லேப்ல 17 வருஷமா ரத்தம் எடுக்க ஆளு. மூணு மணிக்கு எடுத்த அந்த பேப்பர முதல்ல மடிச்சு பீரோல வைங்க. இந்த ஹார்மோன் தூங்கி எழும்பின காலைல தான் ஒசந்து நிக்கும், பிறவு பைய எறங்கும், வயிறு நெறய தின்னுட்டு வந்தாலும் எறங்கும். காலைல 10 மணிக்குள்ள, வெறும் வயித்துல, ரெண்டு வேற வேற நாள் பாக்கணும், ரெண்டுலயும் கொறவா வந்தா தான் கொறவு. அமெரிக்க யூராலஜி சங்கம் 300க்கு கீழ போனா கொறவுங்குது, ஹார்மோன் டாக்டர்மாருக்க எண்டோகிரைன் சொசைட்டி 264ங்குது, அப்ப ஒங்க 271 ஒரு கணக்குல கொறவு, இன்னொரு கணக்குல நார்மல். இதுல பேக்கேஜ் வேறயா.

ஒங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, மூணரைக்கு எழும்பி நூறு மரம் வெட்டிட்டு ஓடி வந்து ஒம்பது மணிக்கு கைய நீட்டுனா அது ஒங்க ஒடம்புக்கு காலைல இல்ல, பாதி நாள் போயாச்சு. மழ பேஞ்சு வெட்டு இல்லாத நாள் பாத்து நல்லா தூங்கிட்டு வாங்க. காய்ச்சல் கிய்ச்சல் இருந்தா வராதிய. முடி கொட்டுதுண்ணு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டா சொல்லிருங்க, சில மெஷின்ல அது ரிசல்ட்ட கொழப்பிரும். சுகரும் தொப்பையும் உள்ளவங்களுக்கு இந்த ஹார்மோன சொமக்க எஸ்ஹெச்பிஜிண்ணு ஒரு புரதம் கொறஞ்சு மொத்தக் கணக்கு (டோட்டல்) மட்டும் கம்மியா காட்டும், புரதத்துல ஒட்டாத ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் சரியாவே இருக்கலாம், அதையும் சேத்து பாக்கச் சொல்லி கேளுங்க. நெசமாவே கொறவுண்ணு வந்தா எல்ஹெச், புரோலாக்டின்ங்க ஹார்மோன் எல்லாம் பாப்பாங்க, கோளாறு விரையிலயா தலைக்குள்ள பிட்யூட்டரி சுரப்பிலயாண்ணு அப்பதான் தெரியும். இது ஒண்ணும் பாக்காம நேரா ஊசிங்கது எனக்கு பிடிக்கல.

முட்டம்_மக்கா:
முருங்கைக்காயும் நெத்திலியும் ஒரு மண்டலம் சாப்பிடுங்க, ஊசியும் வேண்டாம் ஒரு எளவும் வேண்டாம் 😀

கடலோரம்61:
நான் போட்டவன், சொல்லுதேன் கேளுங்க. இதே மாதிரி ஒரு பேக்கேஜ் தான். மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. போட்ட ரெண்டு மூணு நாள் புலி மாதிரி இருப்பேன், மூணாவது வாரம் நனஞ்ச கோழி. ஆசை கூடுனது உண்மதான், பொய் சொல்லப்படாது. ஆனா அஞ்சாறு மாசத்துல மொகம் எப்பவும் செவந்து, தல கனமா இருந்து, வெயிலுண்ணு நெனச்சு விட்டுட்டேன். அந்த எடத்துல ஊசி போடுததோட சரி, ஒரு வாட்டி கூட ரத்தம் எடுத்துப் பாக்கல. வேற டாக்டர்கிட்ட பல்லு வலிக்கு... இல்ல பிரஷருக்கு போனப்ப அவரு பிளட் கவுண்ட் எழுதுனாரு, பிசிவி, அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தன சதவீதம்ங்க கணக்கு, 56. இந்த ஊசி ரத்தத்த கெட்டியாக்கும், பிசிவி 54 தாண்டுனா நிறுத்தணும், மூணு மாசத்துலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள ஒரு வாட்டி கண்டிப்பா பாக்கணும்ணு அவரு சொல்லித்தான் எனக்கே தெரியும். நிறுத்துன பிறவு இன்னும் மோசம், வெளில இருந்து வருதுண்ணு நம்ம ஒடம்பு சொந்தமா சுரக்கதையே நிறுத்தியிருக்கும்லா, அது திரும்ப எழும்ப மாசக்கணக்காச்சு. அந்த நாலஞ்சு மாசம் நான் மனுசனாவே இல்ல. போடுததுக்கு முன்ன எப்படி நிறுத்துததுண்ணும் கேட்டுக்கிடுங்க.

தக்கலை_58:
மேல உள்ளவரு அனுபவம் சரிதான், ஆனா எல்லாரும் சேந்து பயப்படுத்தவும் வேண்டாம். எனக்கு பிட்யூட்டரில கட்டி வந்து திருவனந்தபுரத்துல ஆப்பரேஷன் முடிஞ்ச பிறவு டெஸ்டோஸ்டிரோன் 60, 70ல தான் நின்னுது. தாடி வளராது, மாடிப்படி ஏற முடியாது, சும்மா இருக்கும்போ கண்ணு நெறயும். ஆறு வருஷமா மூணு மாசத்துக்கு ஒரு ஊசி, எண்ணெ மாதிரி 4 மில்லி மருந்து, சிஸ்டர் இடுப்புக்கு கீழ ரெண்டு நிமிஷம் பைய பைய ஏத்துவாங்க. எனக்கு அது இல்லேண்ணா வாழ்க்க இல்ல. 60 வேற 271 வேற, அதத்தான் சொல்ல வந்தேன்.

முதல்ல ஜெல் தான் குடுத்தாங்க, தோள்ல தேய்க்கது. வீட்டுல பேரன் தோள்லயே கெடப்பான், தோல்ல பட்டா பிள்ளைக்கும் பொம்பளைங்களுக்கும் ஒட்டிக்கிடும்ணு தெரிஞ்சதும் அத விட்டுட்டேன். இன்னும் பிள்ள வேணும்ணு நெனக்க எளந்தாரிங்க யாராவது இத வாசிச்சா, ஊசி விந்தணுவ நிறுத்திரும், அந்தப் பக்கமே போவாதிய.

ரிட்டயர்ட்_சிஸ்டர்:
அண்ணே, எல்லாரும் ஊசியப் பத்தியே பேசுதாங்க, நூறாவது மரத்துல ஒக்காருததுக்கு யாரும் காரணம் கேக்கல. சுகர் 11 வருஷம், நடந்தா தளருது, அப்ப முதல்ல இசிஜி எக்கோ எடுங்க. சுகர்காரங்களுக்கு நெஞ்சடைப்பு வலியோட தான் வரும்ணு இல்ல, இப்படி தளர்ச்சியாவும் வரும், வார்டுல எத்தன பேர பாத்திருக்கேன். ரெண்டாவது, மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா தின்னா பி12 வைட்டமின் கொறயலாம், கை தளருததுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம். தைராய்டும் ஹீமோகுளோபினும் கூட பாத்துருங்க. பிறவு வீட்டுல அண்ணிகிட்ட கேளுங்க, குறட்ட விட்டு நடுவுல மூச்சு நிக்குதாண்ணு. அந்த வியாதி இருந்தா ராத்திரி ஒண்ணுக்கும் அடிக்கடி வரும், பகல்ல தூங்கி விழுவீங்க, டெஸ்டோஸ்டிரோனும் எறங்கும், அத சரி பண்ணாம ஊசி போட்டா மூச்சு நிக்கது கூடவும் செய்யலாம்.

டெஸ்டோஸ்டிரோன் மருந்து எதுக்கு கேக்கும்ணா, 65 வயசு தாண்டின 790 பேர வச்சு அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி செஞ்சு 2016ல வந்துது, ஆசையும் அந்த விஷயமும் ஓரளவு கூடுச்சு, தளர்ச்சிக்கு சொல்லிக்கிடுத மாதிரி ஒண்ணும் இல்ல, ஞாபக சக்திக்கும் கேக்கல. அதனால தான் அங்க உள்ள டாக்டர்மார் சங்கம் 2020ல, அந்த விஷயத்துக்காக வேணும்ணா பேசி முடிவெடுங்க, தெம்புக்காக குடுக்காதிய, ஒரு வருஷத்துக்குள்ள பலன் இல்லேண்ணா நிறுத்துங்கண்ணு சொல்லிச்சு. ஹார்ட்டுக்கு பயம்ணு 2015ல மருந்து லேபிள்ல எச்சரிக்க போட வச்சாங்க, பிறவு 5,200 பேர வச்சு டிராவர்ஸ்ணு ஒரு ஆராய்ச்சி 2023ல வந்து, மாரடைப்பு ஸ்ட்ரோக் கூடலண்ணு காட்டுச்சு, ஆனா நெஞ்சு படபடக்க ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும், நுரையீரல்ல ரத்தக்கட்டியும் டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவங்களுக்கு கொஞ்சம் கூட. எலும்பு ஒறப்பாவும்ணு நெனச்சாங்க, எலும்பு முறிவும் அவங்களுக்கு தான் கூட.

ஒங்களுக்கு ஒண்ணுக்குப் போற கோளாறு வேற இருக்கு. புராஸ்டேட்டுக்கு உள்ள பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட் பாக்காம, யூராலஜி டாக்டர் விரல் விட்டு புராஸ்டேட்ட பாக்காம யாரு ஊசி எடுத்தாலும் எழும்பி வந்துருங்க. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல காட்டுனாலே போதும், பேக்கேஜ் எதுக்கு. நாட்டம் கொறஞ்சதுக்கு சுகர் கூடி நிக்கதும் காரணம் தான், அத அங்க வெக்கப்படாம சொல்லுங்க, டாக்டர்மார் தெனம் கேக்கது தான்.

குலசேகரம்_ரப்பர்:
எல்லாருக்கும் நன்றி, கொஞ்சம் லேட்டாயிட்டு. மழ ரெண்டு நாள் விடாம பேஞ்சுது, வெட்டு இல்ல, அப்ப ஒண்ணு எடுத்தேன், அடுத்த வாரம் ஒண்ணு. டெஸ்டோஸ்டிரோன் 338, 352. பிஎஸ்ஏ 2.1, எக்கோ கொழப்பம் இல்லண்ணு சொன்னாங்க. பி12 தான் 148ண்ணு வந்துது, அதுக்கு ஊசி போடுதாங்க, கடைசில ஊசி தப்பல பாத்தியளா. வீட்டுக்காரிகிட்ட குறட்டய கேட்டேன், இப்பதான் கேக்கத் தோணிச்சாண்ணு ஒரு பிடி பிடிச்சா, நாலு வருஷமா ராத்திரி என்ன உருட்டி விட்டு மூச்சு வருதாண்ணு பாத்துட்டு தான் அவ தூங்கியாளாம். அவ ஒண்ணும் சொல்லலண்ணு நான் எழுதினேன், அவ எனக்க மூக்குல கைய வச்சு பாத்துட்டு கெடந்துருக்கா.

தூக்கத்துக்கு டெஸ்ட் எடுக்க அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. மத்த விஷயம் அப்படியே தான் இருக்கு, சுகர கொறச்சுட்டு பேசுவோம்ணாரு டாக்டர். மவன் இப்பவும் அந்த பேக்கேஜ் என்னாச்சுண்ணு கேக்கான், பேப்பர போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். நேத்து 140 மரம் வெட்டுனேன், மழைக்கு பிறவு பால் நல்லா உண்டு.

ஒரு சந்தேகம், குறட்டைக்கு மாஸ்க் வழியா மூச்சுக்காத்து குடுக்க மெஷின் வச்சா இங்க ராத்திரி காத்தடிச்சா கரண்டு போவும்லா, அப்ப மாஸ்க்க மொகத்துல வச்சுகிட்டே என்ன செய்யது? யாராவது வீட்டுல இன்வெர்ட்டர்ல ஓட்டுதியளா?