கத்தாமல் லைன் ஓட்ட முடியுமா? தையல் செக்சனில் புதிதாகப் பொறுப்பேற்கும் பெண் சூப்பர்வைசருக்கு யோசனை தேவை

கேட்டவர்: நாலாம் நம்பர் லைன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூரில் பனியன் கம்பெனி, ரவுண்ட் நெக் டி-ஷர்ட் லைன். ஓவர்லாக் (துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) டெய்லராக இருந்த என்னை வரும் திங்கட்கிழமை முதல் அதே லைனுக்கு சூப்பர்வைசராகப் போடுகிறார்கள். டெய்லர்கள் 24 பேர், கைமடி (உதவியாளர்) 6 பேர், செக்கிங் 3 பேர். டெய்லர்களில் 17 பேர் பெண்கள், அதில் 5 பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்துப் பிள்ளைகள். ஃபிளாட்லாக் (மடிப்புத் தைக்கும் மெஷின்) ஓட்டுகிற அண்ணன்கள் எல்லாரும் எனக்கு சீனியர்.

"சத்தம் போட்டாத்தான் பீஸ் வரும், பொம்பளைன்னு இளகிடாதே" என்கிறார் மேனேஜர். எனக்குச் சத்தம் போட விருப்பமில்லை. அதே சமயம் டார்கெட் விட்டுப்போனால் "பெண்ணைப் போட்டது தப்பு" என்ற பேச்சுத்தான் முதலில் வரும். நேற்று வரை பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவர்களிடம் இன்று எப்படி வேலை வாங்குவது? முதல் இரண்டு வாரம் என்ன செய்யலாம் என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: லைன் பேலன்ஸ்

வாழ்த்துகள் கண்ணு. சத்தம் போட்டால் அந்த அரை மணி நேரம் பீஸ் வரும், அதில் மேனேஜர் சொல்வது சரி. அப்புறம் நடப்பதையும் பாருங்கள். பயத்தில் தைக்கிற பிள்ளை துணியை இழுத்துப் பிடித்து ஓட்டும், நெக் ரிப் (கழுத்துப் பட்டி) அலை அலையாக நிற்கும். ஓரம் விட்டுப்போன தையல் தெரிந்தாலும் சொல்லாமல் பண்டலுக்குள் வைத்துத் தள்ளிவிடும். சாயங்காலம் செக்கிங் டேபிளில் ஆல்டர் பீஸ் (திருத்த வேண்டியவை) மூட்டையாக நிற்கும்போது யார் தைத்தது என்று தேடுவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

சத்தத்துக்குப் பதிலாக உங்கள் கையில் இருக்க வேண்டியது கணக்கு. வேலை நேரம் கணக்கிடும் ஐ.ஈ. செக்சனில் அந்த ஸ்டைலின் சாம், அதாவது ஒரு பீஸ் தைக்க ஆகும் நிர்ணய நேரம், எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 6 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 24 பேர் × 480 நிமிடம் (8 மணி நேரம்) = 11,520 நிமிடம். 6-ஆல் வகுத்தால் 1,920 பீஸ். இது நூறு சதவீதக் கணக்கு, இதை டார்கெட் என்று போர்டில் எழுதினால் லைனில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். லைன் இப்போது 55 சதவீதத்தில் ஓடுகிறது என்றால் 1,056 பீஸ், அதாவது மணிக்கு 132. போர்டில் அந்த 132-ஐ எழுதுங்கள். ஒவ்வொரு மணிக்கும் வந்த எண்ணிக்கையைப் பக்கத்தில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். குறைந்தால் காரணத்தையும் இரண்டே வார்த்தையில் எழுதுங்கள்: "ரிப் வரலை", "கரண்ட் 10 நிமிசம்", "லூப்பர் உடைஞ்சது" (லூப்பர் என்பது மெஷினில் கீழ்நூலைக் கோக்கும் கொக்கி). சாயங்காலம் மேனேஜர் கேட்கும்போது யாரையும் கைகாட்ட வேண்டியதில்லை. போர்டைக் காட்டலாம்.

மணிக்கு 132 என்றால் 27 நொடிக்கு ஒரு பீஸ் லைனை விட்டு வெளியே வர வேண்டும். ஒரே ஆள் செய்யும் ஆபரேஷன்களைத்தான் முதலில் பாருங்கள். உதாரணமாக நெக் ரிப் அட்டாச். டெய்லரிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று பத்து பீஸுக்கு நேரம் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தால் அன்றைக்கு முழுக்கக் கை நடுங்கும், கணக்கும் தப்பாக வரும். பத்து பீஸுக்கு 320 நொடி ஆனால் மணிக்கு 112 தான் வரும். அந்தப் பிள்ளையை எவ்வளவு விரட்டினாலும் 132 வராது. நாளுக்கு 160 பீஸ் குறையும். வேறொருவரை அந்த ஆபரேஷனில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தால் அந்த 160 வந்துவிடும். முந்தைய சூப்பர்வைசர்கள் "ஸ்லோ டெய்லர்" என்று முத்திரை குத்தியவர்களில் பலர் இப்படிக் கணக்கில் மாட்டியவர்கள்தான்.

யாரை உட்காரவைப்பது? அதற்கு ஒரு தாள் போதும். இடப்பக்கம் 24 பேர், மேலே ஆபரேஷன்கள். யாருக்கு எது வரும், எது சுமாராக வரும் என்று குறியுங்கள். ஒவ்வொரு முக்கிய ஆபரேஷனுக்கும் இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்த ஆபரேஷன் இருந்தால், அவர் லீவு போடுகிற நாளில் லைன் படுத்துவிடும். முதல் வாரத்திலேயே தினமும் அரை மணி நேரம் ஒதுக்கி அந்த வேலையை இன்னொருவருக்குப் பழக்கிவிடுங்கள்.

பழைய கூட்டாளிகள் விஷயம். பேச்சை நிறுத்த வேண்டாம், டீயும் சேர்ந்தே குடிக்கலாம். சந்தேகம் முளைக்கிற இடம் மூன்றே மூன்று: லேசான ஆபரேஷன் யாருக்கு, லீவு யாருக்கு, ஓவர்டைம் யாருக்கு. இந்த மூன்றையும் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதி மாட்டிவிடுங்கள். ஓவர்டைமைக் காலையிலேயே கேளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு "இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட்" என்றால் ஸ்கூலிலிருந்து பிள்ளையைக் கூப்பிட ஆள் இல்லாதவள் என்ன செய்வாள்? வர முடியாதவரிடம் காரணம் கேட்க வேண்டாம். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி உண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், லைனில் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

சனிக்கிழமை சம்பளம் போடுகிற கம்பெனி என்றால் திங்கட்கிழமை ஆள் குறையும். சனிக்கிழமை நாலு மணி வாக்கில் ஒரு சுற்று வந்து, "திங்கட்கிழமை யார் வரமாட்டீங்க?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம், நோம்பி, ஆஸ்பத்திரி எதுவானாலும் திட்டாமல் எழுதிக்கொண்டால் அடுத்த வாரம் அவர்களே வந்து சொல்வார்கள். ஒருமுறை முகத்தைச் சுளித்தால் போதும், அப்புறம் சொல்லாமல்தான் நிற்பார்கள்.

நாலாம் நம்பர் லைன்:

நன்றிங்க அக்கா, கணக்கை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டு சந்தேகம். தப்பு வந்தால் எப்படிச் சொல்வது? ஃபிளாட்லாக் அண்ணன் "நேத்து வந்தவ எனக்குச் சொல்றியா" என்றால்?

பதில் 1: லைன் பேலன்ஸ்

தப்பைச் சொல்லும்போது கையில் அந்த பீஸ் இருக்க வேண்டும். தூரத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மெஷினுக்குப் போய், குனிந்தோ ஸ்டூலில் உட்கார்ந்தோ, அவர் கண் மட்டத்துக்கு வந்து, "இந்த இடத்துல ரிப் இழுக்குது, ஒண்ணு தைச்சுக் காட்டு, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். தைக்கும்போது நீங்கள் கையைப் பாருங்கள், மெஷினையும் பாருங்கள். பல நேரம் தப்பு கையில் இருக்காது. ஓவர்லாக்கில் டிஃபரன்ஷியல் ஃபீட் (துணியை எவ்வளவு இழுத்துத் தள்ளுவது என்ற செட்டிங்) நகர்ந்திருக்கும், அல்லது ரிப் கட்டிங்கிலேயே நீளம் மாறியிருக்கும். சரியானதும் அடுத்த மூன்று பீஸை நின்று பார்த்துவிட்டு நகருங்கள். அரை மணி கழித்து மறுபடி ஒரு பீஸ் பாருங்கள். அந்த இரண்டாவது பார்வையைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் அதே தப்பு மறுநாளும் வருகிறது.

சீனியர் அண்ணனிடம் நாலு பேர் முன்னால் பதிலுக்குப் பதில் வேண்டாம். டீ டைம் முடிந்ததும் தனியாகப் போய், "அண்ணா, மூணு மணியிலிருந்து நாலு மணிக்குள்ள 98 தான் வந்திருக்கு. ஃபோல்டர் தடையா, துணி சுருளுதா?" என்று கேளுங்கள் (ஃபோல்டர் என்பது துணியை மடித்துக் கொடுக்கும் பாகம்). எண்ணும் இருக்கிறது, குற்றச்சாட்டும் இல்லை. பாட்டம் மடிப்பில் அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், புது ஸ்டைல் செட்டிங்கில் அவரைக் கேட்டுச் செய்வதில் தப்பே இல்லை. அதற்காக அவருக்கு மட்டும் டார்கெட்டைக் குறைக்காதீர்கள். மூன்று நாள் இதே போக்கு என்றால், மூன்று நாள் மணிக்கணக்கோடு ஃப்ளோர் இன்சார்ஜிடம் போங்கள். "மேனேஜர்கிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டிவிட்டுச் சொல்லாமல் விடுவது இரண்டு பக்கமும் கெடுதல்.

இன்னொன்று, டெய்லராக இருந்து மேலே வருகிற பெண்கள் எல்லாரும் செய்கிற தப்பு. பீஸ் தேங்கினால் தானே மெஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கை வேகமாக இருப்பதால் மனசுக்கு நிம்மதி. ஆனால் நீங்கள் குனிந்து தைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் லைன் தலையில் பண்டல் தீர்ந்துபோயிருக்கும், லைன் கடைசியில் லேபிள் மாறிப் போய்க்கொண்டிருக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள்.

பதில் 2: ஊசி நூல் ஃபிட்டர்

மெக்கானிக் பக்கத்திலிருந்து நான் சொல்றேங்க மேடம். "மெஷின் சரியில்லை, சீக்கிரம் வாங்க" என்றால் மெக்கானிக் எந்த டூலை எடுத்து வருவான்? என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். "ஸ்கிப் ஸ்டிச் வருது, ஷோல்டர் ஜாயின்ட் கனத்துல மட்டும் வருது, ஊசி மாத்தியாச்சு, நூல் பாதை பார்த்தாச்சு." (ஸ்கிப் ஸ்டிச் என்றால் தையல் விட்டு விட்டு விழுவது.) இப்படிச் சொல்கிற சூப்பர்வைசர் ஆணா பெண்ணா என்று எவனும் பார்க்கமாட்டான், நேராக லூப்பர் டைமிங்கைப் பார்க்க வந்துவிடுவான்.

ஒரு நோட்டுப் போடுங்கள். மெஷின் நம்பர், கூப்பிட்ட நேரம், வந்த நேரம், ஓட ஆரம்பித்த நேரம். பாட்டம் மடிக்கிற ஒரே ஃபிளாட்லாக் 25 நிமிடம் நின்றால், மணிக்கு 132 கணக்கில் 55 பீஸ் போச்சு. வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எந்த மெஷின் திரும்பத் திரும்ப நிற்கிறது என்று தெரியும். அதை மெக்கானிக்கிடமே முதலில் காட்டுங்கள், பார்ட்ஸ் கேட்டு எழுத அவனுக்கும் அது ஆதாரம். நேராக மேலே கொண்டுபோனால் அடுத்த தடவை காது கேட்காத மாதிரிதான் போவான்.

இனி ஊசி உடைவது. இதில் கத்தல் எவ்வளவு ஆபத்து என்று எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து, ரெஜிஸ்டரில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி கொடுக்க வேண்டும். துண்டு கிடைக்கவில்லை என்றால் மெஷினைச் சுற்றிக் காந்தம் வைத்துத் தேடணும், அந்த பண்டலைத் தனியாக எடுத்து மெட்டல் டிடெக்டரில் விடணும். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். "இன்னைக்கு எத்தனை ஊசிடி உடைப்பே" என்று ஒரு தடவை திட்டிவிட்டால், அடுத்த தடவை அந்தப் பிள்ளை பக்கத்து மெஷினில் ஊசி கடன் வாங்கி மாட்டிக்கொள்ளும். துண்டு துணியிலேயே போகும். குழந்தை துணி ஆர்டராக இருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது. ஊசி உடைந்தால் கை தூக்குகிறவளிடம் முதலில் "கையில பட்டுச்சா?" என்று கேளுங்கள். அப்புறம்தான் ரெஜிஸ்டர்.

ஒரே மெஷினில் அடிக்கடி உடைந்தால் டெய்லர் துணியை இழுக்கிறாரா, ஊசி சரியாகக் கடைசி வரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சிங்கிள் ஜெர்சிக்கு (மெல்லிய பனியன் துணி) 9 அல்லது 11 நம்பர் பால் பாயிண்ட் (உருண்டை முனை) ஊசி போதும். முனை மழுங்கினால் துணியில் பொடி ஓட்டை விழும், தைக்கும்போது தெரியாது, துவைத்த பிறகு பெரிதாகும்.

பதில் 3: மனிதவளம் ஈரோடு

மேலே உள்ளவர்கள் விட்ட இடம் குறைவு. மூன்று விஷயம் மட்டும்.

பாத்ரூமுக்கு டோக்கன் முறை இருந்தால் அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். லைனில் எல்லார் முன்னாலும் டோக்கன் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் நிறைய. நீர்க்கடுப்பு வந்து இரண்டு நாள் லீவு. கோடையில் இது இன்னும் மோசம். பத்து நிமிடம் போய்வருகிற பீஸ் நஷ்டத்தையும் இரண்டு நாள் லீவு நஷ்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் மேனேஜர் மறுக்க மாட்டார்.

ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்கு இந்தி தெரிந்தவர் ஒருவர் மூலம் சொல்லிப் பழகிவிடாதீர்கள். சொல்பவர் லீவு போட்டால் நின்றுவிடும், அவர் தன் இஷ்டத்துக்கு மாற்றியும் சொல்லலாம். நல்ல பீஸ் ஒன்று, கெட்ட பீஸ் ஒன்று, கெட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர். இதை மெஷினுக்கு மேலே தொங்கவிட்டால் பாஷை வேண்டியதில்லை. "நில்லு, இழுக்காதே, சரி, வலிக்குதா" இந்த நாலு வார்த்தையை மட்டும் அவர்கள் பாஷையில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முக்கியம். தகாத பேச்சு, தொடுதல் என்று ஒரு பிள்ளை உங்களிடம் வந்தால் நீங்களே பஞ்சாயத்து பண்ணாதீர்கள், மெஷின் மாற்றிவிட்டு முடித்துவிடவும் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், எழுதத் தெரியாதவருக்குக் குழு எழுத உதவ வேண்டும், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். சமரசம் என்பது புகார் கொடுத்தவரே கேட்டால் மட்டும்தான், அதுவும் பணத்தை வைத்து அல்ல. உங்கள் வேலை அவர் சொல்வதை முழுசாகக் கேட்பது, குழு உறுப்பினர் பெயரைச் சொல்வது, வேறு யாரிடமும் பேசாமல் இருப்பது. திண்டுக்கல் பகுதியில் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் 2022-இல் போட்ட ஒப்பந்தத்தில் 25 தொழிலாளிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களை வைத்தார்கள். சின்னதாக இருக்கும்போதே விஷயம் வெளியே வர வேண்டும் என்றால் அந்த அளவு பக்கத்தில் ஆள் வேண்டும். உங்கள் லைனில் அப்படி இரண்டு பேர் யார் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

நாலாம் நம்பர் லைன்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். புதன்கிழமை ஸ்டைல் மாறுகிறது, போலோ காலர். முதல் நாளே பழைய டார்கெட் கேட்பார்கள், என்ன சொல்வது?

பதில் 1: லைன் பேலன்ஸ்

போலோவுக்கு சாம் கூடும், பழைய 132 செல்லாது. செவ்வாய் சாயங்காலமே புது சாம் வாங்கிக் கணக்குப் போட்டு, முதல் நாள் 30 சதவீதம், இரண்டாம் நாள் 45, நாலாம் நாள் 55 என்று எழுதி மேனேஜரிடம் நீங்களே முன்கூட்டிக் கொடுத்துவிடுங்கள். அவர் கேட்ட பிறகு சொன்னால் அது சாக்கு மாதிரி இருக்கும். பிளாக்கெட் (முன்கழுத்துப் பட்டன் பட்டி), காலர் அட்டாச் இரண்டுக்கும் ஆளைச் செவ்வாயே முடிவு செய்து, வேஸ்ட் துணியில் ஆளுக்கு இருபது தைக்கவிடுங்கள். அப்ரூவ் ஆன சாம்பிளை லைன் தலையில் தொங்கவிடுங்கள். முதல் ஐந்து பீஸ் முழுசாக வெளியே வந்து அளவு பார்க்கும் வரை அடுத்த பண்டலைக் கட் செக்சனிலிருந்து ஏற்றாதீர்கள்.