வீடு, வீட்டுப் பொருள் காப்பீடு: மூன்று கொட்டேஷனுக்குள் 71 சதவீத வித்தியாசம், எதை வைத்து ஒப்பிடுவது?

கேட்டவர்:

புறநகரில் தனி வீடு. ஒரே தளம், 1,450 சதுர அடி, கட்டி 18 வருடம் ஆகிறது. கான்கிரீட் கூரை, மேலே சோலார் பலகைகள். கார் ஷெட், சுற்றுச்சுவர் தனி. 300 மீட்டர் தள்ளி ஓர் ஓடை ஓடுகிறது. கட்டடத்துக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் சேர்த்து ஒரே பாலிசி எடுக்க மூன்று நிறுவனங்களில் கொட்டேஷன் வாங்கினேன். வருட பிரீமியம் இப்படி:

அ: 1,000. கட்டடம் 4,00,000, பொருள் 50,000, எக்ஸஸ் (ஒவ்வொரு கிளெய்மிலும் நம் கையிலிருந்து போகும் தொகை) 1,000.
ஆ: 1,380. கட்டடம் 5,20,000, பொருள் 80,000, எக்ஸஸ் 500.
இ: 1,710. கட்டடம் 6,00,000, பொருள் 80,000, எக்ஸஸ் 500.

தொகைகளை நான் சொல்லவில்லை, அவர்களுடைய கணக்குப் பெட்டியே நிரப்பிக் கொடுத்தது. அ-வையே எடுத்துவிடலாமா? இ-யில் அப்படி என்ன கூடுதல்?

பதில் 1:

இந்த மூன்றையும் இப்போதைக்கு ஒப்பிடவே முடியாது. மூன்றும் வெவ்வேறு தொகைக்குப் போட்ட விலை. முதலில் காப்பீட்டுத் தொகையில் ஒவ்வொரு 1,000-க்கும் பிரீமியம் எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். அ: மொத்தம் 4,50,000-க்கு 1,000, அதாவது 2.22. ஆ: 6,00,000-க்கு 1,380, அதாவது 2.30. இ: 6,80,000-க்கு 1,710, அதாவது 2.51. 71 சதவீதமாகத் தெரிந்த இடைவெளி 13 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மீதி எல்லாம் தொகையின் வித்தியாசம்தான். இதுவும் தோராயமான வடிகட்டல்தான். கட்டடத்துக்கு ஒரு விகிதம், பொருளுக்கு அதைவிடக் கூடுதலான விகிதம் என்றுதான் பெரும்பாலும் போடுவார்கள்.

ஆக, முதல் வேலை சரியான கட்டடத் தொகையைக் கண்டுபிடிப்பது. வீட்டை விற்றால் கிடைக்கும் விலையைப் போடாதீர்கள். அதில் மனையின் விலையும் கலந்திருக்கிறது. மனை தீயில் எரியாது. போட வேண்டியது, தரைமட்டமானால் அதே அளவில், அதே தரத்தில் திரும்பக் கட்ட ஆகும் செலவு. கட்டுமான ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இன்றைய சதுர அடி விலையைக் கேட்டு 1,450-ஆல் பெருக்குங்கள். அதன் மேல் சுற்றுச்சுவர், கேட், ஷெட், தரைத்தொட்டி, சுவரோடு பதித்த அலமாரிகள், சோலார் எல்லாவற்றையும் சேருங்கள். இடிபாட்டை அகற்றும் கூலி, பொறியாளர் கட்டணம், அனுமதிக் கட்டணம் என்று 10 முதல் 15 சதவீதம் கூட்டுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான்.

குறைத்துப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். உண்மையான செலவு 6,00,000, நீங்கள் அ-வில் 4,00,000-க்கு எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சமையலறை மட்டும் எரிந்து 60,000 நஷ்டம். 4,00,000-க்குள்தானே இருக்கிறது, முழுசாக வந்துவிடும் என்று தோன்றும். விகிதாசார விதி உள்ள பாலிசியில் வராது. மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் காப்பீடு என்பதால் 40,000தான் கணக்கு, அதிலும் எக்ஸஸ் கழியும். சில பாலிசிகளில் காப்பீட்டுத் தொகை உண்மை மதிப்பில் 80 அல்லது 85 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் இந்த விதி பாயும். சிலவற்றில் விதியே கிடையாது. மூன்று நிறுவனத்திலும் இதைத் தனியாகக் கேளுங்கள்.

பதில் 2:

மேலே சொன்னதோடு பொருள் பக்கத்தையும் பாருங்கள். 50,000, 80,000 இரண்டுமே யாரோ ஊகித்த எண்கள்.

எது கட்டடம், எது பொருள் என்று குழம்பினால் வீட்டைக் கூரையைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுவதெல்லாம் பொருள். ஒட்டிக்கொண்டு நிற்பது கட்டடம். பதித்த அடுப்பு, சுவர் ஏசி, ஒட்டிய தரைவிரிப்பு போன்றவற்றில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுக்கொள்வது நல்லது.

அறை அறையாக எழுதுங்கள். டிவி, ஃபிரிட்ஜ், கட்டில் எல்லாம் தானாக நினைவுக்கு வரும். தொகை எகிறுவது வேறு இடத்தில். துணி அலமாரியைத் திறந்து ஒரு தட்டில் எத்தனை உருப்படி, ஒன்று சராசரியாக என்ன விலை, எத்தனை தட்டு என்று பெருக்கிப் பாருங்கள். சமையலறையின் மேல் அலமாரி, கருவிப் பெட்டி, திரைச்சீலை, மெத்தை, புத்தகம். செல்போனில் ஒவ்வொரு கதவையும் இழுப்பறையையும் திறந்து வீடியோ எடுத்து, வீட்டுக்கு வெளியே இருக்கும் ஏதாவது ஒரு சேமிப்பில் ஏற்றிவையுங்கள். கிளெய்ம் வரும் நாளில், நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்குக் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அடுத்து, கொடுப்பது புதுப்பொருள் விலையா, தேய்மானம் கழித்த விலையா? 10 வருடம் உழைக்கும் வாஷிங் மெஷின் 6 வருடம் ஓடிவிட்டால், தேய்மானக் கணக்கில் 40 சதவீதம்தான் கைக்கு வரும். பிரீமியம் மலிவாக இருக்கும் இடத்தில் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நகைக்கு இரண்டு உச்சவரம்பு இருக்கும்: ஒரு பொருளுக்கு இவ்வளவு, மொத்தத்துக்கு இவ்வளவு. அதைத் தாண்டும் உருப்படியை மதிப்பீட்டுச் சான்றோடு தனியாகப் பட்டியலில் ஏற்ற வேண்டும்.

கேட்டவர்:

நன்றி. பாலிசி விதிமுறைகளை வரவழைத்துப் படித்தேன். அ-வில் பொருளுக்குத் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். வெள்ளம் விருப்பத் தேர்வு, அது தேர்வு செய்யப்படாமல் இருந்தது. ஆ, இ இரண்டிலும் புதுப்பொருள் விலை, வெள்ளமும் உண்டு. இ-யில் கைதவறி உடைப்பதும் சேர்ந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் கணக்குப்படி எல்லாம் சேர்த்து 5,95,000. பொருள் பட்டியல் 78,000.

இரண்டு சந்தேகம். ஆ-வில் எக்ஸஸை 500-லிருந்து 2,000 ஆக்கினால் பிரீமியம் 140 குறைகிறது, லாபமா? குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து ஓர் அடி உயரம் ஓதம் ஏறி, பெயின்ட் உப்பி உதிர்கிறது. இதற்கும் பாலிசியில் வருமா?

பதில் 3:

எக்ஸஸ் கணக்கு எளிது. ஒவ்வொரு கிளெய்முக்கும் உங்கள் கையிலிருந்து கூடுதலாக 1,500 போகும், மிச்சம் வருடத்துக்கு 140. 1,500-ஐ 140-ஆல் வகுத்தால் 10.7. கிட்டத்தட்ட 11 வருடம் ஒரு கிளெய்மும் இல்லாமல் இருந்தால்தான் கட்டுப்படியாகும். என்னைக் கேட்டால் வேண்டாம். இதே கேள்வியில் பிரீமியம் 400 குறைந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். ஒன்றை மட்டும் பாருங்கள்: புயல், வெள்ளம் என்றால் தனி எக்ஸஸ் போடும் நிறுவனங்கள் உண்டு. முதல் பக்கத்தில் 500 என்றிருக்கும், உள்ளே வெள்ளத்துக்கு அதைப்போல் பல மடங்கு இருக்கும். ஓடை பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

"வெள்ளம்" என்ற சொல்லின் விளக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஓடை கரை உடைத்து வரும் தண்ணீர், பெருமழையில் தெருவில் ஓடி உள்ளே புகும் தண்ணீர், தரைக்கு அடியிலிருந்து ஊறும் தண்ணீர் மூன்றும் காப்பீட்டில் மூன்று வேறு விஷயங்கள். கடைசி வகை பெரும்பாலும் சேராது.

பதில் 4:

ஓதத்துக்கு வருகிறேன், அது அவசரம். பாலிசியில் வராது. திடீரென்று குழாய் வெடித்தால் அது விபத்து. நாள்கணக்கில் கசிந்து ஊறினால் பராமரிப்புக் குறை. கிட்டத்தட்ட எல்லா வீட்டுப் பாலிசியும் அதை விலக்கியே வைத்திருக்கும். பாலிசி தொடங்கும் முன்பே இருந்த சேதம் என்பதால் இன்னும் கெட்டியாக மறுப்பார்கள். பாலிசி கேட்டு நிரப்பும் புரபோசல் ஃபார்மில் கட்டடத்தில் பழுது உண்டா என்று கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால், பிறகு நடக்கும் சம்பந்தமில்லாத கிளெய்மையும் அதைக் காட்டி இழுத்தடிக்கலாம்.

எங்கே கசிகிறது என்று இன்று இரவே பார்க்கலாம். படுக்கப்போகும் முன் எல்லாக் குழாயையும் மூடுங்கள். ஃபிளஷ் தொட்டிக்குப் போகும் வால்வையும் மூடுங்கள். அதை விட்டால் தொட்டி ஒழுகுவதைச் சுவர்க் கசிவு என்று எண்ணிவிடுவீர்கள். தண்ணீர் மீட்டரில் சிவப்பு எண்களையும் சின்ன முள்ளையும் போட்டோ எடுங்கள். காலையில் யாரும் குழாயைத் தொடும் முன் இன்னொரு போட்டோ. நகர்ந்திருந்தால் அழுத்தத்தில் இருக்கும் வரத்துக் குழாயில் கசிவு. நகரவில்லை என்றால் கழிவுக் குழாய் அல்லது டைல்ஸ் இடுக்குப் பூச்சு விட்டிருக்கிறது. மேல்தொட்டியிலிருந்து வரும் இணைப்பு என்றால் மீட்டர் காட்டாது. உள்வரத்தை மூடிவிட்டுத் தொட்டியின் மட்டத்தைக் குறித்துவைத்துப் பாருங்கள்.

புதிய பாலிசியில் "கசிவைத் தேடிக் கண்டுபிடிக்கும் செலவு" என்று தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பினால் நனைந்த தரைக்குக் காசு தருவார்கள். குழாயைத் தேடிச் சுவரை உடைத்து மீண்டும் பூசும் கூலி அந்த வரி இருந்தால்தான் வரும்.

கேட்டவர்:

மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கேட்டேன்: கட்டடம் 6,00,000, பொருள் 80,000, புதுப்பொருள் விலை, வெள்ளம் உண்டு, எக்ஸஸ் 500, கைதவறி உடைப்பது வேண்டாம். அ 1,640. ஆ 1,490. இ 1,580. வெள்ளத்துக்கு அ-வில் மட்டும் தனி எக்ஸஸ், 2,500. ஆ-வில் விகிதாசார விதி இருக்கிறது, 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும்.

குழாய்க்கு மீட்டரிலிருந்து நேரடி இணைப்புதான், மேல்தொட்டி வழியாக இல்லை. 8 மணி நேரத்தில் 14 லிட்டர் ஓடியிருக்கிறது.

பதில் 1:

ஆ சரியாக இருக்கிறது. 5,95,000-க்கு 6,00,000 போட்டிருப்பதால் இப்போதைக்கு விதி தொடாது. கட்டுமான விலை ஏற ஏற, புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒப்பந்தக்காரரின் சதுர அடி விலையை மறுபடி கேளுங்கள். கையெழுத்துக்கு முன் இன்னும் இரண்டு வரி பாருங்கள். வீடு தொடர்ந்து எத்தனை நாள் பூட்டிக் கிடந்தால் காப்பீடு குறையும்? 30, 60 நாள் என்று இருக்கும். அலாரம் இருப்பதாகச் சொல்லித் தள்ளுபடி வாங்கினீர்களா? வாங்கினால் வெளியே போகும்போதெல்லாம் அது இயங்க வேண்டும் என்று நிபந்தனை வரலாம். ஓடாத அலாரத்தைச் சொல்லித் தள்ளுபடி வாங்காதீர்கள். மாதத் தவணை வேண்டாம், முடிந்தால் வருடத்துக்கு ஒரே தடவையாகக் கட்டுங்கள். தவணையில் வட்டி ஏறியிருக்கும்.

பதில் 4:

14 லிட்டர் என்றால் வரத்துக் குழாய். குளியலறையில் வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் கலவைக் குழாயின் சுவர் இணைப்பிலிருந்து தேடச் சொல்லுங்கள். 18 வருடத்து வீட்டில் தளரக்கூடிய இடம் அது. சரிசெய்த பில், உடைத்த இடத்தின் போட்டோ, அடுத்த இரவின் மீட்டர் போட்டோ மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அதே சுவரில் குழாய் வெடித்தால் "பழைய கசிவு" என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே பாலிசி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், புதியது தொடங்கிய சான்று கைக்கு வரும் வரை அதை ரத்து செய்யாதீர்கள். புயல், வெள்ளத்துக்கு முதல் 48 அல்லது 72 மணி நேரம் காப்பீடு இல்லை என்று சில நிறுவனங்கள் எழுதியிருக்கும். மழை எச்சரிக்கை வந்த பிறகு எடுத்துப் பயனில்லை.