சாண்ட்விச்சுக்குக் கோழி நெஞ்சுக்கறி சக்கையாகிறது, உதவுங்கள்

கெப்போங் தம்பி:
வணக்கம். கோலாலம்பூர் பங்சாரில் ஒரு கஃபேயில் சாப்பிட்ட சிக்கன் சாண்ட்விச் மாதிரி வீட்டில் செய்யப் பார்க்கிறேன். அங்கே கறி மெத்தென்று சாறோடு இருந்தது. எனக்குச் சக்கையாகத்தான் வருகிறது. சனிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள்.

பிறை அக்கா:
எதில் சமைக்கிறீர்கள் தம்பி? வாணலியா, ஓவனா, ஏர் ஃபிரையரா? துண்டு எவ்வளவு தடிப்பு? பசாரில் (சந்தையில்) வாங்கிய கோழியா, உறைந்த கோழியா?

செந்தூல் மாமா:
பப்பாளிக்காயை அரைத்துத் தடவி இரவு முழுக்க வையுங்கள். எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிக்கு அதுதான். பஞ்சாக வரும்.

அடுப்படி ஆசான்:
மாமா, ஆட்டுக்கறி வேறு, இது வேறு. பப்பாளிக்காயில் உள்ள பப்பைன் என்ற நொதி கறியின் புரதத்தை அறுத்துவிடும். நெஞ்சுக்கறியில் இரவு முழுக்க வைத்தால் மேல்பக்கம் கொழகொழத்துப் போகும். தம்பி, இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்தாயிற்று. தேடிப் படித்துவிட்டுக் கேட்பதுதான் முறை. கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மோமீட்டர் இருக்கிறதா? அது இல்லாமல் கஃபே தரம் பேசிப் பயனில்லை.

தீவுக்காரன்:
வாணலியைப் புகைய விட்டுப் போடுங்கள். மேல்பக்கம் சட்டென்று சிவந்தால் சாறு உள்ளேயே நின்றுவிடும்.

அடுப்படி ஆசான்:
நிற்காது. சிவப்பது வாசனைக்கும் ருசிக்கும். சிவந்த பிறகும் வாணலியில் சடசடவென்று கேட்கிறதே, அது கறியிலிருந்து வெளியேறும் தண்ணீர்.

தீவுக்காரன்:
நாங்கள் காலங்காலமாக அப்படித்தான் செய்கிறோம். நன்றாகத்தான் இருக்கிறது.

கெப்போங் தம்பி:
வாணலிதான், மூடி போட்டு. முழுத் துண்டு. மஞ்சள், மிளகு, எலுமிச்சை தடவிக் காலையிலேயே வைத்துவிடுவேன், ராத்திரி சமைப்பேன்.

பிறை அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நெஞ்சுக்கறி ஒரு முனையில் தடிப்பு, மறுமுனையில் மெல்லிசு. தடித்த பக்கம் வேகும்வரை விட்டால் மெல்லிய பக்கம் காய்ந்துவிடும். படுக்கைவசமாகக் கத்தி விட்டு இரண்டு தகடாக அறுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பூரிக்கட்டையால் தட்டி, எல்லா இடமும் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

அப்புறம் 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, கறியைப் போட்டு ஃபிரிட்ஜில் 45 நிமிடம் வையுங்கள். உப்பு தசைப் புரதத்தைத் தளர்த்தும். வேகும்போது தண்ணீர் அவ்வளவாக வெளியேறாது. எடுத்து ஈரம் போகத் துடைத்து எண்ணெய், மிளகு தடவுங்கள். எலுமிச்சை வேண்டுமானால் சமைப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன் போதும். பகல் முழுக்கப் புளிப்பில் கிடந்தால் மேல்பக்கம் வெளுத்து வறண்டுவிடும்.

நடுத்தரத் தீ, மூடி வேண்டாம். மூடினால் ஆவியில் வேகும், சிவக்காது. ஒரு பக்கம் 4 நிமிடம், திருப்பி 3 நிமிடம். தடித்த இடத்தில் 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கிவிடுங்கள். ஆசான் சொன்ன தெர்மோமீட்டர் நல்ல யோசனைதான். 5 நிமிடம் ஆறவிட்டு நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள், பல்லுக்கு மெத்தென்று இருக்கும்.

தீவுக்காரன்:
ரொட்டியைப் பற்றி யாருமே பேசவில்லையே. பினாங்கில் கிடைக்கும் ரொட்டி பெங்காலி என்ற முழு ரொட்டியைத் தடிமனாக அறுத்து, வெண்ணெய் தடவிச் சுட்டுப் பாருங்கள். பேரங்காடி ரொட்டியில் சாறு இறங்கினால் ஊறிக் கிழிந்துவிடும்.

செந்தூல் மாமா:
எதற்கெடுத்தாலும் பினாங்குதானா? சாதாரண ரொட்டியையும் சுட்டு இரண்டு பக்கமும் மாயோனைஸ் தடவினால் ஊறாது. என்னைக் கேட்டால் தொடைக்கறியே போதும், அது இவ்வளவு சீக்கிரம் காயாது.

தீவுக்காரன்:
தம்பி கேட்டது நெஞ்சுக்கறி, மாமா. ரொட்டி பெங்காலியை ஒருமுறை சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள்.

செந்தூல் மாமா:
சாப்பிட்டிருக்கிறேன். காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவ நல்லது. சாண்ட்விச்சுக்கு அதன் ஓரம் தடிப்பு, கடிக்கும்போது கறி பின்னால் நழுவும்.

கெப்போங் தம்பி:
சனிக்கிழமை செய்தேன். மெத்தென்று வந்தது, நன்றி அக்கா. கொஞ்சம் உப்புக் கரித்தது.

பிறை அக்கா:
சந்தோஷம் தம்பி. மசாலாவிலும் உப்புப் போட்டீர்களா? உப்புத் தண்ணீரில் ஊறிய கறிக்கு மறுபடி போட வேண்டாம், மாயோனைஸிலும் உப்பு இருக்கும். எவ்வளவு நேரம் ஊறவைத்தீர்கள்?